பாலே பாவாடைக்கு மஞ்சள்

என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை அரைகுறைதான். மஞ்சள் நம்பிக்கை மட்டும் முழுசு. ஈரோட்டுக்காரர், அவருடைய அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். எந்தப் புதுத்துணி வீட்டுக்குள் வந்தாலும் அதன் மூலையில் துளி மஞ்சளைக் குழைத்து வைக்காமல் ஒருவரையும் உடுத்த விடமாட்டார். நாங்கள் இருக்கும் டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும் டி-ஷர்ட்டுக்கும் மஞ்சள், உள்பனியனுக்கும் மஞ்சள். ஒருமுறை ஆபீஸ் மீட்டிங்கில் அவருடைய காலரைப் பார்த்து "மஸ்டர்டா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "நோ, டர்மரிக்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். நான் மதுரைக்காரி. எங்கள் வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் தீபாவளிக்கு உண்டு, பனியனுக்குக் கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள், பதினாலு வயது. தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்களெல்லாம் பரதநாட்டியத்துக்குப் போக, இவள் எட்டு வயதில் பாலேதான் வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். ஆறு வருஷத்தில் மேடையில் அவள் போட்ட வேஷங்கள்: பனித்துளி, மரம், எலி, மறுபடியும் மரம். எல்லாமே கடைசி வரிசை. கேட்டால், "இட்ஸ் ஃபைன்மா, ஐ லைக் பீயிங் அ ட்ரீ" என்பாள். மரமாக நிற்க எந்தப் பெண்ணுக்கடி ஆசை இருக்கும்? எனக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் கராஜிலிருந்து காரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, அங்கே தனியாக யாரும் பார்க்காதபோது அவள் ஆடுவது மர நடனம் அல்ல.

அவளுடைய டீச்சர் எண்பத்தைந்தைத் தாண்டிய இங்கிலாந்துக்காரர். கல்யாணமாகி டெக்சாஸ் வந்து, கணவர் போன பிறகும் ஊர் திரும்பாமல், இன்னமும் கையில் கோலோடு வகுப்பெடுப்பவர். இந்த வருஷக் கடைசி நிகழ்ச்சியைப் போர் முடிந்த காலத்து உடைகளையும் நடனத்தையும் வைத்து நடத்தப்போவதாகப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பாடமே எடுத்தார். போர்க்காலத்தில் துணிக்குக் கூப்பனாம். பாவாடையில் எத்தனை மடிப்பு வைக்கலாம் என்பதைக்கூட அரசாங்கம்தான் சொல்லுமாம். போர் முடிந்ததும் பாரிஸ் தையல்காரர்கள் ஆத்திரம் தீரத் துணியை வெட்டினார்களாம். இடுப்பை இறுக்கிப் பிடி, பாவாடையைக் கெஜக்கணக்கில் விரி. தெருவில் போகிற பெண்களெல்லாம் பாலே மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தவர்கள் போலப் பாவாடையைக் குடையாக விரித்து நடந்தார்கள். காலில்கூட நடனக்காரிகளின் தட்டைச் செருப்பு. பத்திரிகையில் அந்தப் படங்களைப் பார்த்து இங்கிலாந்தில் பாதிப் பேர் வயிறெரிந்தார்கள், மீதிப் பேர் ஜன்னல் திரையைக் கிழித்துப் பாவாடை தைத்தார்கள்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதே போர்க்காலத்தில் கண்ட்ரோல் துணி வாங்க வரிசையில் நின்ற கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் நின்ற யாரும் குடைப் பாவாடை தைத்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

கூட்டத்தின் முடிவில் டீச்சர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பதினாலு வயதில் அவரே போட்டு ஆடிய உடை. மேலே சாட்டின் ரவிக்கை, கீழே வலைத்துணியில் அடுக்கடுக்காகப் பாவாடை, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும் நீளம். வெள்ளையாக இருந்தது இப்போது தந்த நிறம். தரையில் வைத்தார்; ஆள் இல்லாமலே நின்றது. எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம். இதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி தனியாக மூன்று நிமிஷம் ஆட வேண்டும் என்றார். யாருக்கு அளவு சரியாக இருக்கிறதோ அவள்.

அடுத்த வாரம் பெரிய வகுப்பில் ஒவ்வொரு பெண்ணாகப் போட்டுப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஆடுகிற பெண்களெல்லாம் நீச்சல், வாலிபால் என்று தோள் விரிந்த பிள்ளைகள். கொக்கி எட்டவே இல்லை. ரேஷன் சாப்பாட்டில் வளர்ந்த உடம்புக்குத் தைத்த ரவிக்கை அது. கடைசி வரிசையிலிருந்து எங்கள் வீட்டு மரம் வந்தது. பட் பட்டென்று கொக்கிகள் மாட்டிக்கொண்டன. "பிள்ளைக்குச் சோறு போடறீங்களா இல்லையா?" என்று ஒவ்வொரு பாட்லக் விருந்திலும் என்னைக் கேள்வி கேட்ட அத்தனை ஆண்ட்டிகளையும் அப்போது மனதுக்குள் கும்பிட்டேன்.

அன்றைக்குக் காரில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "ஐ ஒன்லி காட் இட் பிகாஸ் இட் ஃபிட்ஸ். ஷி டிட்ன்ட் ஈவன் வாட்ச் மீ டான்ஸ்."

"அதனால என்னடி? எப்படியோ கெடச்சுச்சுல்ல? ஆடிக் காட்டு."

"இஃப் சம்திங் ஹாப்பன்ஸ் டு தட் டிரஸ், ஐயாம் அ ட்ரீ அகெய்ன்." அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. உடை இருந்தால் நடனம், உடை போனால் நடனமும் போயிற்று.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு வியாழக்கிழமை, ரவிக்கையில் ஒரு கொக்கி ஆடுவதாக டீச்சர் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஐ கேன் ஃபிக்ஸ் இட், ஐ டூ ஆல் மை ஸாரி பிளவுசஸ்" என்று முந்திக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, பெட்டியோடு கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் வைத்தால் கசங்கும் என்று உடையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, சீட்பெல்ட் போட்டு, ஃப்ரீவேயில் போகாமல் உள்தெரு வழியாக உருட்டிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேஜை மேல் நிறுத்தி வைத்துவிட்டு ஊசி நூல் எடுக்க மாடிக்குப் போனேன். போனதும் வந்ததும் ஐந்து நிமிஷம் இருக்காது. கீழே இறங்கினால் என் கணவர் சிங்க்கில் விரல் கழுவிக்கொண்டிருக்கிறார். கழுவியும் விரல் நுனியில் மஞ்சள் போகவில்லை.

"என்னங்க பண்ணீங்க?"

"மஞ்ச வெச்சேன்மா. பாப்பா மொதமொத தனியா ஆடுறா, கண்ணு படாம இருக்கட்டும்."

பாவாடையைப் பார்த்தேன். ஒரு இடத்தில் இல்லை. நாலு இடத்தில், பளிச்சென்று, கட்டைவிரல் அளவு.

"நாலு எதுக்குங்க?"

"துணின்னா மூலைல வெக்கணும். இது ரவுண்டா இருக்கு. வட்டத்துக்கு மூலை ஏது? அதான் நாலு திசைலயும் வெச்சுட்டேன்." எஞ்சினியர் மூளை. இருபது வருஷமாக இதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள். பார்த்தாள். பிறகு வீடே அதிர, "அப்பா! இட்ஸ் நாட் ஈவன் நியூ! இட்ஸ் செவன்ட்டி இயர்ஸ் ஓல்ட்!"

"நம்ம வீட்டுக்குப் புதுசுதானே கண்ணு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. "டீச்சருக்கு இப்பவே ஒரு மெயில் அனுப்பிடலாமா? மேல சொல்லி எஸ்கலேட் பண்ணாம வெச்சிருந்தா இஷ்யூ பெருசாகும்."

"நீங்க எஸ்கலேட் பண்ணுனா எம்பொண்ணு மரமாயிருவா. பேசாம இருங்க" என்றேன்.

அதற்குள் மகள் பாத்திர சோப்பை விரலில் எடுத்து ஒரு பொட்டின் மேல் தேய்த்துவிட்டாள். மஞ்சள் மேல் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் துணி துவைத்த எவருக்கும் தெரியும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு எங்கே தெரியும்? மஞ்சள் நொடியில் ரத்தச் சிவப்பாக மாறியது. அவள் அலறிய அலறலில் நான் நிஜமாகவே விரலை வெட்டிக்கொண்டாளோ என்று பார்த்தேன். அப்பன் மஞ்சள் வைத்தார், பெண் குங்குமம் வைத்துவிட்டாள்.

சிவப்பை மஞ்சளாக்க எலுமிச்சை வேண்டும். பாதிப் பழத்தை வெட்டிப் பிழிந்தேன். மறுபடி மஞ்சளானது. மேஜை மேல் மஞ்சள், அறுத்த எலுமிச்சம்பழம், நடுவில் சிலை மாதிரி பாவாடை. ஆயுத பூஜையில் பூசணிக்காய் உடைப்பதுதான் பாக்கி.

மஞ்சள் கறைக்கு ஒரே எதிரி வெயில். நாலு மணி நேரம் நல்ல வெயில் காட்டினால் வெளுத்துவிடும் என்பது எனக்குக் கைகண்ட விஷயம். டெக்சாஸில் வேறெதற்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சமா? வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பின்கட்டுப் புல்தரையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் பாவாடையைக் கவிழ்த்து நிறுத்தினேன். பத்து மணிக்கெல்லாம் பொட்டுகள் மங்க ஆரம்பித்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். அந்தக் காபிதான் வினை.

திரும்பி வந்தால் பாவாடை நகர்ந்துகொண்டிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் துணி அல்ல, எறும்பு. இந்த ஊர் நெருப்பெறும்பு. ஸ்டூல் கால் நாலிலும் வரிசையாக ஏறி, அடுக்கு அடுக்காக உள்ளே போய்க்கொண்டிருந்தது. வலைத்துணியில் இவற்றுக்கு என்னடா வேலை என்று ஒரு மடிப்பைத் தூக்கினேன். விரலில் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்தேன். இனித்தது. பாவாடை முழுக்கச் சர்க்கரை. ஏன் அது ஆளில்லாமல் நின்றது என்று அப்போதுதான் விளங்கியது. சர்க்கரைப் பாகில் முக்கி விறைக்க வைத்திருக்கிறார்கள்.

"ஏங்க! எறும்பு!" என்று கத்தினேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஹெட்செட்டும் லுங்கியுமாக ஓடிவந்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு இன்னமும் அந்த மலர்ச்சியை மன்னிக்க முடியவில்லை.

"எறும்புக்கு மஞ்சத்தூளைத் தூவுனா கிட்டவே வராதும்மா!"

"வேணாங்க..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஊரிலிருந்து வந்த ஒரு கிலோ பொட்டலத்தோடு வந்துவிட்டார். பாவாடைமேல் கொட்டவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. ஸ்டூலைச் சுற்றிக் கோடு போட்டார். பாதிக் கோட்டில் ஒரு எறும்பு அவருடைய காலைக் கடித்தது. பிறகு நாலைந்து சேர்ந்து கடித்தன. லுங்கியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் அவர் குதித்த குதியைப் பார்த்திருந்தால் டீச்சர் அவரையும் வகுப்பில் சேர்த்திருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. டெக்சாஸ் காற்றுக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. கோடு, பொட்டலம், அவர் கையிலிருந்த பிடி எல்லாம் ஒரே புகையாக எழும்பி, எலுமிச்சை ஈரம் காயாத பாவாடையில் போய் அப்படியே உட்கார்ந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். எங்களுக்குக் குரங்கும் சரியாக வரவில்லை. எறும்பை உதற வேறு வழி தெரியாமல் தோட்டத்துக் குழாயைத் திறந்து தண்ணீரைப் பாய்ச்சினேன். எறும்பு போயிற்று. கூடவே சர்க்கரையும் போயிற்று. ஆளில்லாமல் நின்ற பாவாடை அப்படியே மடிந்து, நனைந்த கோழி மாதிரி ஸ்டூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. நிறமோ, எங்கே அதிகம் எங்கே குறைவு என்று சொல்ல முடியாத திட்டுத் திட்டு மஞ்சள்.

மகள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தாள். இந்த முறை கத்தவில்லை. பையைக் கழற்றாமலே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அப்பா கொஞ்ச தூரத்தில் நின்று, "ஸாரி கண்ணு" என்றார். அன்றைக்கு அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்துத் திட்ட மனசு வரவில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? எழுந்து போய்ப் பெரிய குக்கரில் அரிசியைப் போட்டேன். பாஸ்மதிக் கஞ்சி தண்ணீர், எதற்கும் உதவாது. பொன்னி அரிசி குழைய வெந்து கொடுக்கிற கஞ்சிதான் கஞ்சி. கெட்டியாக வடித்து, ஆறவைத்து, காட்டன் புடவைக்குப் போடுகிற மாதிரியே அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குகளுக்கு நடுவில் பேப்பர் தட்டுகளைச் சொருகி, ஃபேனுக்கு அடியில் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் பாவாடை நின்றது. ஒரு பக்கம் வீம்பாகவும் ஒரு பக்கம் சோம்பலாகவும் நின்றது, ஆனால் நின்றது. ஆடிய கொக்கியையும் மறக்காமல் தைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் டீச்சர் குடைப் பாவாடை போட்ட சின்னப் பெண்களுக்குத் தொப்பி சரிசெய்துகொண்டிருந்தார். நான் உடையை மூடியிருந்த படுக்கை விரிப்பை எடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்து மறுபடி போட்டார். கிட்டே வந்து முகர்ந்து பார்த்தார்.

என் கணவர் முன்னால் வந்து நடந்தது அத்தனையையும் வரிசைப்படி ஒப்பித்தார். மஞ்சள், நாலு திசை, சோப்பு, எலுமிச்சை, எறும்பு, காற்று, குழாய், கஞ்சி. ஒன்றை விடவில்லை. யார்மேலும் பழி போடவும் இல்லை.

டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சர்க்கரை?"

"எறும்பு தின்னது போக மீதி தண்ணில போயிருச்சு" என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

அங்கே கிடந்த ஒரு மரப்பெட்டிமேல் அவர் உட்கார்ந்தார். அப்போது சர்க்கரைக்கு ரேஷன் என்றார். மகளின் முதல் தனி நடனத்துக்காக அவருடைய அம்மா ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் டீயில் சர்க்கரை போடாமல் சேர்த்து வைத்து, அதைக் காய்ச்சி இந்தப் பாவாடைக்குப் போட்டாராம். "அது என் அம்மாவின் சர்க்கரை" என்றார். அந்தக் கிழவியின் கண் கலங்கியது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது எனக்கு. பிறகு அவர் எழுந்து, இது மேடைக்குப் போகாது என்று சொன்னார். இந்த நடனத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம் என்றார்.

என் மகள் அதுவரை சுவரோரம் நின்றிருந்தாள். ஆறு வருஷத்தில் அந்த அம்மாளிடம் 'யெஸ்' தவிர வேறு வார்த்தை பேசாதவள். நேரே முன்னால் வந்து நின்றாள்.

"யூ பிக்ட் மீ பிகாஸ் இட் ஃபிட் மீ" என்றாள். "இட் ஸ்டில் ஃபிட்ஸ்."

டீச்சர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அளவு எடுக்கிற பார்வை அல்ல அது. அப்புறம் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "திரும்பு" என்றார். தன் கையாலேயே உடையை மாட்டிவிட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். பாதியில் என்னைப் பார்த்து, விறைப்புக்கு என்ன போட்டாய் என்று கேட்டார். அரிசிக் கஞ்சி என்றேன். "எங்களுக்கு அப்போது அரிசியும் கிடைக்காது" என்றார். கோபமா தமாஷா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் ஓடிப்போய் அரங்கத்தில் உட்காரவும் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. திட்டுத் திட்டு மஞ்சளில், ஒரு பக்கம் தொங்கும் பாவாடையோடு அவள் வந்து நின்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதல் சுற்றில் மடிப்புக்குள் ஒளிந்திருந்த மஞ்சள்தூள் வெளிச்சத்தில் பறந்தது. இன்னும் கொஞ்சம் சிரிப்பு. இரண்டாவது சுற்றில் சிரிப்பு இல்லை. கராஜில் கதவிடுக்கு வழியாக நான் திருட்டுத்தனமாகப் பார்த்த அதே ஆட்டத்தை அவள் அத்தனை பேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆறு வருஷமாகக் கடைசி வரிசையில் இடதுபக்கத்திலிருந்து நாலாவது, மரத்துக்குப் பின்னால் தெரிகிற முழங்கை என்று பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே என் கணவருக்குப் பழக்கம். அன்றைக்கு அவர் பக்கத்தில் இருந்தவர் தொப்பியை மடியில் வைத்திருந்த ஒரு பெரிய டெக்சாஸ்காரர். இவர் கண்ணைத் துடைக்காமலே அவர் பக்கம் சாய்ந்தார். கையை நீட்டி மேடையைக் காட்டினார்.

"தட் ஒன்" என்றார் ரகசியமாக. "தட் ஒன் இஸ் அவர் டாட்டர்."

அந்த ஆள் மேடையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "யெஸ் சார்" என்றார். மேடையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.